8128-க்கு அடுத்த செவ்விய எண் 3,35,50,336 தானா?

எண்_பிரியன்:
நிரல் எழுதிப் பழகுவதற்காகச் செவ்விய எண்களைத் தேடும் ஒரு லூப் எழுதினேன், அதாவது தன்னைத் தவிர மற்ற வகுத்திகளையெல்லாம் கூட்டினால் அதே எண் வரவேண்டும். 6, 28, 496, 8128 நாலும் சட்டென்று வந்துவிட்டன. அப்புறம் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் ஒன்றும் வரவில்லை. அடுத்தது 3,35,50,336 என்கிறார்கள். கையால் சரிபார்க்க வழி இருக்கிறதா? இந்த எண் வேறு எந்தெந்த வகையில் சேரும்?

வகுத்தி_வாத்தியார்:
தாராளமாக முடியும் தம்பி. அதை 4096 × 8191 என்று பிரித்துக்கொள்ளுங்கள். 4096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு, அதன் வகுத்திகள் 1, 2, 4 என்று இரட்டித்துக்கொண்டே போகும், கூட்டினால் 8191. மற்றது, 8191, பகா எண்ணாக இருந்தால் அதன் வகுத்திகளின் கூட்டல் 8192. இரண்டையும் பெருக்கினால் 8191 × 8192, அது நம் எண்ணின் சரியாக இரண்டு மடங்கு. அந்த எண்ணையே கழித்துவிட்டால் மீதி அதே எண். முடிந்தது கதை.

8191 பகா எண்தானா என்பதுதான் பாக்கி. 2-இன் 13-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு என்பதால் அதை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 26-ஆல் வகுத்தால் மீதி 1 தரும். 8191-இன் வர்க்கமூலம் 90 சொச்சம் என்பதால் 90 வரை பார்த்தால் போதும், அதில் 53, 79 இரண்டுதான் தேறும். 53-ஆல் வகுத்தால் மீதி 29, 79-ஆல் வகுத்தால் 54. ஆகவே பகா எண்தான், அதிலும் மெர்சென் பகா எண் (2-இன் ஓர் அடுக்கில் ஒன்று குறைவான பகா எண்).

பைனரி_பாண்டி:
வகைகளைக் கேட்டீர்களே. 1 முதல் 8191 வரை கூட்டினால் இதுதான் வரும், எனவே முக்கோண எண். அறுகோண எண்ணும்கூட (புள்ளிகளை அறுகோணமாக அடுக்கினால் வரும் எண்ணிக்கை). 1 முதல் 127 வரையுள்ள ஒற்றைப்படை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதே எண்! இரும முறையில் எழுதினால் 13 ஒன்றுகள், பின்னால் 12 பூஜ்யங்கள். இலக்கங்களைக் கூட்டினால் 28, அதுவும் செவ்விய எண் (இது வெறும் தற்செயல், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்).

எண்_பிரியன்:
அப்போ 2-இன் 11-ஆம் அடுக்கை வைத்து 1024 × 2047 எழுதினால் ஏன் வராது?

வகுத்தி_வாத்தியார்:
2047 = 23 × 89. பகா எண் இல்லை. அதனால் பெருக்கி வரும் 20,96,128-இன் வகுத்திகளை, அந்த எண்ணை விட்டுவிட்டுக் கூட்டினாலும், எண்ணையே தாண்டிவிடும்; இப்படிப்பட்டது மிகையெண். ஒவ்வொரு இலக்க எண்ணிக்கைக்கும் ஒரு செவ்விய எண் உண்டு என்று நெடுங்காலம் நம்பினார்கள், ஆனால் நாலு இலக்கத்துக்குப் பிறகு நேரே எட்டு இலக்கத்துக்குத் தாவுகிறது. பண்டைய கிரேக்கக் கணிதர் யூக்ளிட் சொன்ன இந்த வடிவத்தை (2-இன் அடுக்கு ஒன்றை அதன் இரட்டிப்பில் ஒன்று குறைவான பகா எண்ணால் பெருக்குவது) தவிர வேறு இரட்டைப்படைச் செவ்விய எண்ணே இல்லை என்று பிற்பாடு கணிதர் ஆய்லர் நிறுவினார், ஆகவே இரட்டைப்படையில் ஒவ்வோர் எண்ணாகத் தேடுவது வீண் வேலை.

பைனரி_பாண்டி:
ஒரு எண்ணை மட்டும் சோதிக்க லூப்பை அதன் வர்க்கமூலம் வரை, இங்கே 5792 வரை, ஓட்டினால் போதும், ஜோடி ஜோடியாக 26 வகுத்திகளும் கிடைத்துவிடும். அடுத்த செவ்விய எண் 8,58,98,69,056. அது 32 பிட் இன்ட்டில் (நிரலில் முழு எண்ணை வைக்கும் சிறிய வகையில்) கொள்ளாது, இப்போதே பெரிய வகையான லாங் லாங்காக மாற்றிவிடுங்கள்.