எல்க் வேட்டை, அக்டோபர் கடைசி, கொலராடோ: என் சாமான் பட்டியல்ல என்ன தப்பு?

டென்வர்தம்பி:
வணக்கம். எல்க்குங்கற பெரிய மானை வேட்டையாட, ரெண்டாவது ரைஃபிள் சீசனுக்கு ஃப்ளாட் டாப்ஸ் மலைக்குப் போறோம். மூணு பேர், ஆறு நாள். வண்டி நிறுத்துற இடத்துல இருந்து மூணு மைல் உள்ள, வில்டர்னஸ் (அரசு பாதுகாக்கற காட்டுப் பகுதி) எல்லைக்குள்ள, சுமார் 10,000 அடியில கூடாரம். மூணு பேருக்கும் இதுதான் முதல் எல்க். ஹன்டர் எஜுகேஷன் கார்டு வாங்கியாச்சு. நான் ஹெச்-1பி வேலை விசாவுல இருக்கேன், துப்பாக்கி இனிமேதான் வாங்கணும்.

இதுவரை பட்டியல்: .30-06 ரைஃபிள், தோட்டா 20, 10×42 பைனாகுலர், ஆரஞ்சு கேமோ வெஸ்ட், புது பூட்ஸ், காட்டன் தெர்மல் ரெண்டு செட், ஜீன்ஸ், மூணு சீசன் கூடாரம், கேஸ் அடுப்பு, தண்ணி ஃபில்டர், கத்தி ஒண்ணு, கறியை இழுத்துட்டு வர ரெண்டு சக்கர வண்டி. எது விட்டுப்போச்சு, எதைக் கழட்டலாம்?

ஊசியிலை:
தம்பி, இந்தப் பட்டியல் விசையை அழுத்துற வரைக்கும்தான் வருது. உடம்பு முறியற வேலை அதுக்கப்புறம்தான். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோ இருக்கும். எலும்பை நீக்கினாலும் கறி மட்டும் 200 பவுண்டுக்கு முன்பின் நிக்கும். பின்தொடை ஒண்ணே எலும்போட 60, 70 பவுண்டு.

முதல்ல அந்தச் சக்கர வண்டியைத் திருப்பிக் கொடுங்க. வில்டர்னஸ்ல மோட்டார் மட்டும் இல்ல, சைக்கிள், கறி வண்டி எல்லாத்துக்குமே தடை. அதுக்குப் பதிலா ஆளுக்கு ஒரு ஃப்ரேம் பேக் வேணும், ஃப்ரேமுக்கும் பைக்கும் நடுவுல கறியை வச்சுக் கட்டற மாதிரி. ஆளுக்கு 50 பவுண்டுன்னா மூணு பேரா ரெண்டு நடையில இறக்கிடலாம். ஒரே ஆள்னா நாலு நடை: சுமையோட 12 மைல், வெறுங்கையா திரும்பறது 9, மொத்தம் 21 மைல். எங்க சுடலாம், எங்க சுடக்கூடாதுங்கறதை இந்தக் கணக்குதான் முடிவு பண்ணணும். பள்ளத்துக்குள்ள நிக்கற எல்க்கைப் பார்த்ததும் கை பரபரக்கும். மேல ஏத்தறது யாருன்னு யோசிச்சிட்டு சுடுங்க.

கத்தி ஒண்ணு பத்தாது. தோல்ல மண் அப்பியிருக்கும், அறுக்க அறுக்க முனை மழுங்கும். பிளேடு மாத்தற கத்தி ஒண்ணு, பிளேடு எட்டு பத்து. ஆனா அதை மூட்டுல விட்டு நெம்பாதீங்க, பட்டுனு உடைஞ்சு துண்டு கறிக்குள்ள போயிடும். நெம்பறதுக்குக் கெட்டியான கத்தி தனியா. கழட்டின பிளேடைப் போட ஒரு பழைய மாத்திரை டப்பா.

குடலைத் திறக்காமலே வெட்டலாம், மலைமேல அதுதான் சுலபம். மிருகத்தை ஒருக்களிச்சுப் போட்டு, மேல்பக்கக் காலை பாராகார்ட் கயித்தால மரத்துல இழுத்துக் கட்டுங்க (50 அடி கயிறு கட்டாயம்). கழுத்துல இருந்து வால் வரைக்கும் முதுகெலும்பு மேலயே கீறித் தோலை வயிறு பக்கமா உரிங்க. கத்தி தோலுக்கு அடியில இருந்து வெளிய பார்த்து வரணும், அப்பத்தான் முடி துண்டு துண்டாகிக் கறியில ஒட்டாது. முன்னங்கால் எலும்புல மாட்டியிருக்காது, வெறும் சதைதான். தூக்கிப் பிடிச்சு அறுத்தா கையோட வரும். பின்னங்காலுக்கு இடுப்பெலும்பை ஒட்டியே போனா பந்துமூட்டு தெரியும். அப்புறம் முதுகை ஒட்டின நீளக் கறி, கழுத்து. கடைசி விலா எலும்புக்குப் பின்னால கையை விட்டு உள்பக்கச் சதையை எடுங்க. புரட்டிப் போட்டு மறுபக்கம். பெரிய துணிப் பை ஆறு வேணும். குப்பை கட்டற பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், கறி வேர்த்துப் புழுங்கிடும்.

குளிர்தானேன்னு தோலோட ராத்திரி விட்டுடாதீங்க. எல்க் முடி கம்பளி மாதிரி சூட்டைப் பிடிச்சு வைக்கும். வெளிய பனி கொட்டினாலும் தொடை மூட்டைச் சுத்தி சூடு இறங்காம எலும்பு ஓரத்துல கறி நாறிப்போகும். கால் நாலையும் எடுத்து, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம நிழல்ல தொங்கவிட்டா பயமில்ல.

ஒரு பின்தொடையில விதைப்பையை ஒட்டினபடியே விடணும், ஆணா பெண்ணான்னு அதிகாரிக்குத் தெரியணும். டேக்ல (உரிமத்தோட வர்ற சீட்டு) உடனே கையெழுத்து, தேதி போட்டு, கறியோட கட்டணும். சி.டபிள்யூ.டி.ங்கற மான் மூளை நோய்ச் சோதனை சில பகுதிக்குச் சில வருஷம் கட்டாயம், அங்க தலையும் இறங்கணும்.

கல்கரிக்காரன்:
எனக்குப் பயமாக் கிடக்கிறது உங்கட பருத்தி உடுப்புத்தான். ஏறேக்க வேர்க்கும், பருத்தி அந்த ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும், மேல போய் அசையாமல் இருந்து பாக்கேக்க உடம்புச் சூடு முழுக்க அதோட போயிடும். ஜீன்ஸும் அப்படித்தான். மெரினோ கம்பளி உள்ளுடுப்பு ரெண்டு சோடி, மேல ஃப்ளீஸ், காத்து மழைக்கு ஒரு ஷெல். தூவி அடைச்ச ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடக்காதேங்கோ. பையில வைச்சு, இருந்த பிறகு போடுங்கோ. நடக்கத் தொடங்கேக்க கொஞ்சம் குளிரவேணும், அதுதான் சரியான அளவு.

சப்பாத்து புதுசெண்டால் இண்டைக்கே போடத் தொடங்குங்கோ, சுமையோட ஒரு 50 கிலோமீற்றராவது. குதிக்காலில சூடு தெரிஞ்ச உடனே நிண்டு டேப் ஒட்டவேணும், கொப்புளம் வந்தாப் பிறகு ஒட்டிப் பிரயோசனமில்லை. பனி சப்பாத்துக்குள்ள போகாமல் காலில கட்டிற கெய்ட்டரும் வேணும்.

கூடாரத்தில ஈரப்பனி படிஞ்சால் மூணு சீசன் கம்பி வளையும். இரவில ரெண்டு தரம் எழும்பி உள்ளுக்கிருந்து தட்டிவிடுங்கோ. நித்திரைப் பை மைனஸ் 15க்குத் தாங்கவேணும். அதைவிடக் கீழ விரிக்கிற பாய் முக்கியம், குளிர் நிலத்தாலதான் ஏறும்.

கேஸ் டப்பா கடும் குளிரில அமுக்கம் இல்லாமல் சிணுங்கும். வெள்ளைப் பெட்ரோல் அடுப்பு நல்லது, இல்லாட்டி டப்பாவை இரவில பைக்குள்ள வைச்சுப் படுங்கோ. தண்ணி ஃபில்டரும் அங்கதான் படுக்கவேணும். ஒருக்கால் உறைஞ்சால் உள்ள இருக்கிற நுண்குழாய் வெடிச்சிடும். வெளியால ஒண்டும் தெரியாது, தண்ணியும் வரும், கிருமியும் வரும். ஹெட்லாம்புக்கு லித்தியம் பற்றரி. துப்பாக்கியை மட்டும் சூட்டுக்குள்ள கொண்டுவராதேங்கோ, ஸ்கோப்பில வேர்வை பிடிச்சுத் திரும்ப வெளியில உறையும்.

இலங்கையில மரையை வெள்ளைக்காரர் எல்க் எண்டு எழுதி வைச்சதால அந்த அளவு மிருகமெண்டு நினைக்கிற ஆக்களும் இருக்கினம். அது வேற, இது வேற.

வலதுகண்:
சாமானுக்கு முன்னால் சட்டம். வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம், 18 யு.எஸ்.சி. 922, தடை செய்கிறது. விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்காவில் முறைப்படி வாங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். ஆகவே வரிசை மாறக்கூடாது: உரிமம் முதலில், கடை பிறகு. துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்துக்கு ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு) எண் தேவைப்படும். பணம் கட்டினாலும் கொலராடோவில் 3 நாள் கழித்துத்தான் கையில் கொடுப்பார்கள். இது 2023 அக்டோபரிலிருந்து. சீசன் முடிந்து உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும், துப்பாக்கி வீட்டு அலமாரியில் சும்மா கிடந்தாலும் குற்றம்தான். விசா பாழாகும் விஷயம் என்பதால் ஒரு முறை வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆரஞ்சு கேமோ வெஸ்ட் செல்லாது. இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் திட்டுத்திட்டாக இல்லாத ஒளிர் ஆரஞ்சு அல்லது ஒளிர் பிங்க், கூடவே அதே நிறத்தில் தொப்பி. நாலு பக்கமும் தெரிய வேண்டும். பை முதுகை மறைத்துவிடும் என்பதால் பைக்கும் ஆரஞ்சு உறை போடுங்கள்.

.30-06 தாராளமாகப் போதும். 165 முதல் 180 கிரெய்ன் எடையில், பட்டதும் விரியும் குண்டு. 20 தோட்டா மலைக்குப் போதும், பழகப் போதாது. ரேஞ்சுக்குத் தனியாக நாலைந்து பெட்டி, அதே குண்டில். 200 கஜத்துக்கு ஸ்கோப்பைச் சரிசெய்து, மேஜையை விட்டு எழுந்து, உட்கார்ந்தும் மண்டியிட்டும் சுட்டுப் பழகுங்கள். வண்டிப் பயணத்தில் ஸ்கோப் இடிபடும். மலையேறும் முன் மூன்று தோட்டா சுட்டுப் பார்க்காமல் போகாதீர்கள். வண்டிக்குள் துப்பாக்கியின் சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறை) தோட்டா இருக்கக்கூடாது. குழல் வாயில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் பனி புகாது, அதன் மேலேயே சுடலாம்.

பட்டியலில் இல்லாத இரண்டு: தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர், காற்றுப் பார்க்கும் பவுடர் குப்பி. சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் டால்கம் பவுடர் அடைத்து, அமுக்கினால் புகை போல வரும். விடியலில் காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே திரும்பும், மாலையில் மறுபடி இறங்கும். எல்க் கண்ணை ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது.

ஆண் எல்க் டேக் என்றால் பெரும்பாலான பகுதிகளில் ஒரு கொம்பில் நாலு கிளை, அல்லது 5 அங்குல நெற்றிக் கிளை இருக்க வேண்டும். எண்ணுவதற்குத்தான் பைனாகுலர். ஸ்கோப்பை வைத்து எண்ணாதீர்கள், அந்தப் பக்கம் மனிதர் இருக்கலாம்.

டென்வர்தம்பி:
எல்லாருக்கும் நன்றி. வண்டியும் வெஸ்ட்டும் இன்னிக்கே திரும்பிப் போகுது. இன்னும் ரெண்டு: ஃபோன் மேப் போதுமா? கரடிக்கு என்ன பண்றது?

ஊசியிலை:
சிக்னலை நம்பாதீங்க. மேப்பைத் தனியார் நில எல்லையோட முன்னாடியே இறக்கி வச்சுக்கோங்க, ஃபோனைச் சட்டைக்குள்ள வைங்க. மூணு பேருக்கு ஒரு சாட்டிலைட் மெசேஜ் கருவியாவது வேணும். காலு பிசகினாலும் சரி, உயரத்துல தலைவலி, வாந்தி வந்து நிக்காட்டியும் சரி, அங்க உக்காந்து யோசிக்கக் கூடாது, கீழ இறங்கணும். ஒரு நாள் முன்னாடியே போய் உடம்பைப் பழக்குங்க.

கரடின்னா அங்க கருங்கரடிதான். கிரிஸ்லிக்கு வயோமிங், மொன்டானா போகணும். கறியைக் கூடாரத்துல இருந்து 100 கஜமாவது தள்ளி, எலும்புக்கூடு கிடக்கற இடத்துக்கும் எட்டத் தொங்கவிடுங்க. தூரத்துல இருந்தே பைனாகுலர்ல தெரியற மாதிரி இடம் பாருங்க. மறுநாள் திரும்பி வரும்போது முதல்ல பார்த்துட்டு, சத்தம் குடுத்துட்டுப் போங்க.

சாப்பாட்டுல புரோட்டீன் பார் குளிர்ல செங்கல் ஆயிடும். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் எடுத்துக்கோங்க.

வண்டியில 120 குவார்ட் ஐஸ் பெட்டி ரெண்டு. ஐஸைக் கொட்டாதீங்க, தண்ணி பாட்டில்ல உறைய வச்சு அடுக்குங்க. உருகின தண்ணில ஊறினா கறி வெளுத்துப்போகும். கறி வெட்டிக் கொடுக்கற கடைகள் சீசன்ல நிரம்பி, வேணாம்னு திருப்பி அனுப்புவாங்க. கிளம்பறதுக்கு முன்னாடியே ரெண்டு கடைக்கு ஃபோன் போட்டு வச்சுக்கோங்க.