பூட்டை உடைச்ச கதை

லினக்ஸ் போட்டு மாட்டிக்கிட்ட மூணு பேர் மாறி மாறிச் சொல்றது.

ஜெராக்ஸ் கடை, தண்டையார்பேட்டை:

மாமாவோட கடை. ஜூன் மாசம், ஸ்கூல் அட்மிஷன் நேரம். ஆதார், ஜாதிச் சான்றிதழ்னு கையில பேப்பரோட வாசல்ல எட்டு பேர். விண்டோஸ்ல இழுத்துக்கிட்டுக் கிடந்த பழைய லேப்டாப்புல முந்தின நாள்தான் உபுண்டுங்கிற இலவச லினக்ஸ் சிஸ்டத்தைப் போட்டுக் குடுத்திருந்தேன். "டேய், பிரின்ட் வருமா வராதா?"ன்னு மாமா நிக்கிறார்.

பிரின்டர் டிரைவருக்கு, சாஃப்ட்வேர் ஏத்துற கமாண்டான ஏபிடி இன்ஸ்டால் அடிச்சா, லாக் (ஒரு நேரத்துல ஒருத்தர்தான் ஏத்தலாம்னு போடுற பூட்டு) கிடைக்கல, பின்னாடி ஓடுற வேற புராசஸ் வெச்சிருக்குன்னு நின்னுடுச்சு. அந்தப் புராசஸ் பேரும் அங்கேயே இருந்துச்சு: அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ். செக்யூரிட்டி அப்டேட்டை உபுண்டு தானா பின்னாடி போட்டுக்கிற வேலை அது. அஞ்சு நிமிஷம் விட்டிருந்தா தானே முடிஞ்சிருக்கும். படிச்சாத்தானே! கூகுள்ல முதல்ல கண்ணுல பட்ட பதில், "லாக் ஃபைலை அழிச்சிடு". அழிச்சேன்.

தண்ணி லாரியில ஒருத்தங்க புடிச்சுக்கிட்டு இருக்கும்போதே அவங்க குடத்தைத் தள்ளிட்டு நம்ம குடத்தை வெச்சா இன்னா ஆகும்? ரெண்டும் ரொம்பாது, தெருதான் நனையும். என் ஏபிடியும் அந்த அப்டேட்டும் எது ஏறியிருக்குன்னு குறிக்கிற ஒரே டேட்டாபேஸ்ல எழுதி, பேக்கேஜ்னு சொல்ற சாஃப்ட்வேர் மூட்டை எல்லாம் பாதியில தொங்குச்சு. பதட்டத்துல பவர் பட்டனை வேற அமுக்கிட்டேன். திரும்ப வந்தா, வேலை பாதியில நின்னுடுச்சு, ஏபிடிக்கு அடியில வேலை பாக்குற டிபிகேஜியோட கான்ஃபிகர் கமாண்டை ஓட்டுன்னு அதுவே வழி சொல்லுது. இந்த வாட்டி படிச்சேன். ஆனா நாப்பது நிமிஷம் போச்சு. எட்டு பேரும் எதிர்க்கடையில. "அவன்கிட்ட எவ்ளோடா துட்டு வாங்கினே?"ன்னார் மாமா.

காலேஜ் கடைசி வருஷம், வியாசர்பாடி:

அண்ணா, உங்களுக்காவது லாக்தான் போச்சு. எங்க அண்ணனுக்கு ஸ்கூல்ல குடுத்த இலவச லேப்டாப்புல விண்டோஸோட பாஸ்ங்கிற லினக்ஸும் இருந்துச்சு. உபுண்டு மாதிரி அதுவும் டெபியன்ங்கிற லினக்ஸ் வழி வந்ததுதான், அதுல பழகின தைரியத்துல என் லேப்டாப்புல டெபியன் 12 போட்டேன்.

புராஜெக்டுக்கு, பைத்தான் மொழிக்கான லைப்ரரி ஏத்துற பிப் இன்ஸ்டால் அடிச்சா, "எக்ஸ்டெர்னலி மேனேஜ்ட்", அதாவது இது வேற ஒருத்தர் பொறுப்புன்னு மறுத்துடுச்சு. சிஸ்டத்தோட சொந்த டூல்ஸ் பலதும் பைத்தான்ல ஓடுது, ஏபிடி வெச்சதை பிப் மாத்திடக் கூடாதுன்னுதான் அந்தத் தடை. தாண்டுறதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கு, பேரே "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்". பேரைப் பாத்தாவது பயந்திருக்கணும். போட்டேன், ஒண்ணும் ஆகல. அதுதான் வினை. அடுத்து, புது பைத்தான் வேணும்னு பழசை ஏபிடி ரிமூவ் பண்ணேன். எதெல்லாம் கூடவே போகும்னு திரை நிறைய லிஸ்ட் ஓடுச்சு. சரின்னு ஒய் அடிச்சேன். டெஸ்க்டாப்பே காணோம், கறுப்புத் திரையில கர்சர் மட்டும் கண்ணடிக்குது. காலையில ஒன்பதுக்கு ரிவ்யூ. ராத்திரியோட ராத்திரியா பென் டிரைவ்ல முதல்ல இருந்து போட்டேன். இப்ப எதுக்கெடுத்தாலும் தனியா ஒரு வீஎன்வி, சிஸ்டத்தைத் தொடாம அந்தப் புராஜெக்டுக்கு மட்டும் ஒரு பைத்தான் பெட்டி.

எண்ணூர்:

நான் எல்டிஎஸ் (பல வருஷம் சப்போர்ட் வர்ற பதிப்பு) இல்லாத உபுண்டு போட்டவன். அதுக்கு ஒன்பது மாசம்தான் சப்போர்ட்டுன்னு தெரியாம ரெண்டு வருஷம் ஓட்டினேன். ஒருநாள் ஏபிடியில எதைக் கேட்டாலும் 404, கேட்டது இங்க இல்லைன்னு. நெட்டு போச்சுன்னு ரவுட்டரை நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். சப்போர்ட் முடிஞ்சதால பேக்கேஜ் எல்லாம் ஓல்ட் ரிலீசஸ்ங்கிற பழைய பதிப்பு சர்வருக்கு வீடு மாறிடுச்சாம். விலாசத்தை மாத்தினதும் வந்துச்சு.

ஜெராக்ஸ் கடை, தண்டையார்பேட்டை:

ஒரு சந்தேகம். மாமா லேப்டாப்புல ரீஸ்டார்ட் கேக்குது, வாசல்ல கூட்டம். இப்ப அமுக்கவா?

எண்ணூர்:

கடை சாத்தினப்புறம்.