ஆஸ்திரேலியால அகதிகள அடைச்சு வச்சா கோர்ட் கேள்வி கேக்க முடியுமா?

ஈசூன்_செல்வி:
நம்ம சிங்கப்பூர் இமிக்ரேஷன் சட்டத்துல அதிகாரி முறைப்படி செஞ்சாரான்னு மட்டும்தான் கோர்ட் பாக்க முடியும், முடிவு சரியா தப்பான்னு கேக்க முடியாது. ஆஸ்திரேலியாலயும் அப்படித்தான், போட்ல வந்தவங்கள ஆயுசுக்கும் அடைச்சு வைக்கலாம்னு மாமா அடிச்சு சொல்றாரு. நம்ம இலங்கைத் தமிழங்க எவ்ளோ பேர் மாட்டினாங்க, யாரும் கேஸ் போட்டு ஜெயிக்கலயா?

ரவி_உட்லண்ட்ஸ்:
ஜெயிச்சிருக்காங்க அக்கா, ஜெயிச்சதே ரெண்டு இலங்கைத் தமிழங்கதான். 2009ல கிறிஸ்மஸ் தீவுக்குப் போனவங்க (ஒரு காலத்துல சிங்கப்பூரோட சேந்திருந்த அதே தீவு, இப்ப ஆஸ்திரேலியாவோடது). நீங்க அகதி இல்லன்னு சொல்லிட்டாங்க, மறுபரிசீலனையிலயும் அதேதான், அங்க நடக்கற விசாரணைக்கு சட்டமும் பழைய தீர்ப்பும் சும்மா வழிகாட்டிதான், கட்டாயம் இல்லன்னு வச்சிருந்தாங்க. 2010 நவம்பர்ல ஹை கோர்ட், அங்க அதுதான் உச்ச கோர்ட், நீதிபதிங்க எல்லாரும் ஒரே முடிவா இது செல்லாதுன்னுட்டாங்க. ஒருத்தர இந்த விசாரணைக்காகத்தான் அடைச்சு வச்சிருக்கீங்க, அப்ப அது சட்டப்படி நியாயமா நடந்தாகணும். அவருக்கு எதிரா அவரோட சொந்த நாட்டு நிலைமை பத்தி ஒரு ரிப்போர்ட் கையில இருந்தா அதுல என்ன இருக்குன்னு அவர்கிட்ட சொல்லி பதில் கேக்கணும். எனக்கு இதுதான் பெரிய விஷயம், உயிர் போற முடிவ ஒளிச்சு வச்ச பேப்பர வச்சு எடுக்கக்கூடாது. ஆனா கோர்ட் விசா குடுக்காது, நடந்தது தப்புன்னு சொல்லும், அவ்ளோதான்.

மல்லிகா_செம்பவாங்:
தோத்ததயும் சொல்லுங்க தம்பி. 2014 ஜூன்ல பாண்டிச்சேரிலேந்து கெளம்பின 157 தமிழர்கள, அதுல சின்னப் புள்ளைங்களும் உண்டு, ஏறக்குறைய ஒரு மாசம் கடல்லயே கஸ்டம்ஸ் கப்பல்ல வச்சிருந்தாங்க. 2015ல அது சட்டப்படி சரிதான்னு அதே ஹை கோர்ட் தீர்ப்பு, நீதிபதிங்க 4க்கு 3. இன்னும் மனசு ஆறல. இங்க சிங்கப்பூர் ஹாக்கின்ஸ் ரோடு அகதி கேம்ப்ல 1996 வரைக்கும் வியட்நாம்காரங்க இருந்தாங்களே, 90 நாள்ல வேற நாடு ஏத்துக்கணும்னு கண்டிஷன், கோர்ட்டுக்குப் போற பேச்சே இல்ல.

ரவி_உட்லண்ட்ஸ்:
உண்மைதான்க்கா. செல்வி அக்கா, உங்க மாமா சொல்றது 2004 தீர்ப்பு. நாடே இல்லாத ஒரு பாலஸ்தீனர் கேஸ்ல, அனுப்ப எடம் கெடைக்கலன்னாலும் அடைச்சு வைக்கலாம்னு 4க்கு 3ல சொன்னாங்க. 2023 நவம்பர்ல ஒரு மியான்மர் ரொஹிங்கியாக்காரர் கேஸ்ல அந்தத் தீர்ப்பயே தூக்கிப் போட்டுட்டாங்க, சீக்கிரத்துல வெளிய அனுப்ப வழியே இல்லன்னா வச்சிருக்கக்கூடாது, தண்டனை குடுக்கறது கோர்ட் வேலை, மந்திரி வேலை இல்ல. நூத்துக்கும் மேல ஆளுங்க வெளிய வந்தாங்க.

ஈசூன்_செல்வி:
நாளைக்கே வேற ஒரு நாடு ஏத்துக்கறேன்னா?

ரவி_உட்லண்ட்ஸ்:
திரும்ப பிடிக்கலாம், தீர்ப்புலயே அதுக்கு எடம் இருக்கு. 2025ல நவுருங்கற பசிபிக் குட்டித் தீவு நாட்டுகூட ஒப்பந்தம் போட்டதே இவங்கள அங்க அனுப்பத்தான்.