1.2 எம்எம் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் வெல்டிங் ராடு வைத்தாலே ஓட்டை விழுகிறது, என்ன செய்யலாம்?

சுங்கைகாடுட்_தம்பி:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். ஆறு வருஷமாக இரும்புதான் அடித்துப் பழக்கம். இப்போது ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பாத்திரம் கழுவும் தொட்டியும் ஸ்டாண்டும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், எல்லாம் 304 ரக எஸ்எஸ் தகடு, கனம் 1.2 எம்எம். ஆர்கான் மெஷின் (வாயு விட்டு அடிக்கிற டிக் வெல்டிங்) வேறு சைட்டுக்குப் போய்விட்டது, இரண்டு வாரம் வராது. கையில் இருப்பது ராடு போட்டு அடிக்கிற ஒரு சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்தான். 2.5 எம்எம் ராடை 70 ஆம்ப்ஸில் வைத்தேன், தொட்டதும் ஓட்டை. 50க்கு இறக்கினால் ராடு ஒட்டிக்கொள்கிறது. ஓட்டையை அடைக்க மேலே மேலே அடித்ததில் ஒரு தகடு அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. எங்கே தப்பு செய்கிறேன்?

துவாஸ்_பழையவெல்டர்:
தம்பி, முதலில் அந்த 2.5 ராடைத் தூர வை. 1.6 எம்எம்மில் 308எல்-16 என்கிற எஸ்எஸ் ராடு வாங்கு, 30 ஆம்ப்ஸில் ஆரம்பித்து ஒட்டினால் இரண்டு மூன்றாக ஏற்று. 'எல்' என்றால் கார்பன் குறைவு, தையல் (வெல்டிங் கோடு) ஓரம் பிறகு துருப்பிடிக்கிற தொல்லை குறையும். ஸ்டாண்டை இரும்போடு சேர்ப்பதாக இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் 309எல் ராடு.

இரும்பு அடித்த கைக்குப் புரியாத விஷயம் ஒன்று. எஸ்எஸ் சூட்டைச் சரியாகக் கடத்தாது, இரும்பு கடத்துவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், அதனால் நீ கொடுக்கிற சூடு அடித்த இடத்திலேயே தங்கிவிடுகிறது, விரிவதோ இரும்பைவிட ஒன்றரை மடங்கு, அதுதான் அப்பளம். ஆம்ப்ஸை மட்டும் குறைத்து இதைச் சமாளிக்க முடியாது. இரண்டு அங்குலத்துக்கு ஒரு டேக் (சின்னப் பிடிப்புப் பொட்டு) என்று முழுக்கப் போட்டுவிட்டு, ஒரு அங்குலம் இங்கே, அப்புறம் எதிர்க்கோடியில் ஒரு அங்குலம் என்று தாவித் தாவி அடி. கை வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகுதான் பக்கத்தில் போ. இடைவெளியே இல்லாமல் தகட்டைச் சேர்த்து, பின்னால் ஒரு செப்புப் பட்டையை கிளாம்ப் போட்டு இறுக்கிவிடு, மிச்சச் சூட்டை அது இழுத்துக்கொள்ளும். ஆர்க் (ராட்டு முனைக்கும் தகட்டுக்கும் நடுவே எரிகிற சுடர்) ராட்டின் கனத்தைவிட நீளக் கூடாது. வேலையைச் சாய்த்து வைத்து மேலிருந்து கீழே வேகமாக இறக்கினால் ஓட்டை விழுவது இன்னும் குறையும். ராடு பாதிக்கு மேல் போனதும் சிவந்து வரும், அந்தத் துண்டை இழுத்துக்கொண்டே போகாதே, மாற்று.

உட்லண்ட்ஸ்_ஃபேப்:
அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் தொட்டியின் உள்தையலை ராடில் அடிக்காதே என்பேன். உள்ளே ஒரு துளி ஸ்லாக் (தையல் மேல் படிகிற கசடு) மாட்டினால் அங்கே அழுக்குத் தேங்கும், சாப்பாட்டுக் கடைக்கு அது ஆகாது. ஸ்டாண்டு, கால், பிராக்கெட் எல்லாம் இப்போது முடித்துவிடு, தொட்டிக்கு ஆர்கான் வரும்வரை காத்திரு, முதலாளியிடம் நேராகவே சொல்லு. அப்புறம் இங்கே இருக்கிற ஈரத்தில் ராடு பாக்கெட்டைத் திறந்துபோட்டால் ராட்டின் மேல்பூச்சான ஃப்ளக்ஸ் ஈரம் வாங்கி தையலில் பொடிப்பொடியாக ஓட்டை வரும், மூடி இறுகுகிற டின்னில் வை. இரும்பில் தேய்த்த வயர் பிரஷ்ஷை எஸ்எஸ்ஸில் போடவே போடாதே. நான் ஒரு முறை அவசரத்தில் அப்படித் தேய்த்துக் கொடுத்த கைப்பிடி முழுக்க ஒரே மாதத்தில் செம்புள்ளி, எல்லாவற்றையும் கழற்றி ஆசிட் பேஸ்ட் போட்டுத் திரும்பச் செய்தேன்.

ஜூரோங்_அக்கா:
பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன், அதனால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எஸ்எஸ் ராட்டுப் புகையில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் இருக்கிறது, அது புற்றுநோய் வரவழைப்பது. துணியைக் கட்டிக்கொண்டு அடிக்காதீர்கள், புகை உறிஞ்சியும் சரியான ரெஸ்பிரேட்டரும் வேண்டும், தலையைப் புகைக்கு மேலே நீட்டக் கூடாது. ஸ்லாக் ஆறும்போது தானாகவே தெறிக்கும், ஷீல்டைத் தூக்கினாலும் கண்ணாடி கண்ணில் இருக்கட்டும். தம்பி, ஊரில் உங்களை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள்.

சுங்கைகாடுட்_தம்பி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்று மதியம் 1.6 ராடு வாங்கி வெட்டுத் துண்டில் போட்டுப் பார்த்தேன். 32 ஆம்ப்ஸில் ஒட்டவில்லை, செப்புப் பட்டை வைத்த இடத்தில் ஓட்டையே இல்லை, ஸ்லாக் ஒரே ஓடாக உரிந்தது, அடியில் வைக்கோல் நிறத்தில் தையல். பட்டை இல்லாமல் அடித்த முனையில் மட்டும் பின்பக்கம் கறுத்துப் பொரிந்திருக்கிறது. தொட்டியை ஆர்கானுக்கு விட்டுவிடுகிறேன், முதலாளியும் சரி என்றுவிட்டார். ஸ்டாண்டுக் காலின் மூலையில் பட்டை உள்ளே நுழையவில்லை, அங்கே என்ன வைப்பீர்கள்?

துவாஸ்_பழையவெல்டர்:
மூலைக்குச் செப்புக் குழாயை நீளவாக்கில் பிளந்து தட்டி, அந்த வளைவுக்கு ஏற்ற மாதிரி மடித்து வை. நான் அப்படித்தான் செய்வேன்.