புதுப்பிப்பு: பிரசவ ரத்தப்போக்கு ஒத்திகை, மலை ஊருக்கு ஏற்றபடி
பிரசவத்தில் ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று மருத்துவக் குழு முன்பே செய்து பழகுவதுதான் பிரசவ அவசர ஒத்திகை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நடக்கும் ஒத்திகை பற்றிய போன பதிவில், போன ரத்தத்தை அளப்பது குறித்து ஒரு திருத்தம். ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம்; துணியில் ஊறியது பெரும்பாலும் குறைவாகவே தெரியும். தாயின் இடுப்புக்கடியில், ரத்தம் சேரும் அளவுக்கோடு போட்ட பையை விரியுங்கள். 500 மி.லி. தொட்டதும் கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுவது, ஆக்ஸிடோசின் (கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து), 1 கிராம் டிரானெக்ஸாமிக் ஆசிட் (ரத்தக் கட்டு கரையாமல் காக்கும் மருந்து; நரம்பில், 10 நிமிடம் மெதுவாக), டிரிப், பிரசவப் பாதையில் கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் சேர்ந்தே நடக்கணும். ஒன்றின் பலனுக்குக் காத்திருந்தால் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும்.

தாயை ஏற்றிக்கொண்டு கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ஆம்புலன்ஸையும் ஒத்திகையில் சேருங்கள். கொண்டை ஊசி வளைவில் தேய்க்கும் கை விலகும். கல்லாக இறுகியிருந்த கர்ப்பப்பை மறுபடி மாவாகத் தொய்யும். பெல்ட் போட்டு உட்கார்ந்தபடி கை எட்டுமா என்று முன்பே பாருங்கள்.

குளிர்ந்த ஊர்தானே என்று ஆக்ஸிடோசினை மேசையில் வைக்காதீர்கள். அதற்கு 2–8 டிகிரி வேணும்.