கலைச்சொல்: 'எம்ப்ளாயி என்கேஜ்மென்ட்' – 'ஈடுபாடு' போதுமா?

குன்னூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

தேயிலைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்கான தமிழ்க் கையேட்டில் 'எம்ப்ளாயி என்கேஜ்மென்ட்' (வேலை செய்பவர் தம் வேலையில் மனம் வைத்திருப்பது) என்பதற்கு ஒரு சொல் உறுதி செய்ய வேண்டும். இப்போது 'ஊழியர் ஈடுபாடு' என்று இருக்கிறது. இரண்டு பாதியும் இடறுகின்றன.

எஸ்டேட்டில் ஊழியர் என்றால் கிளார்க், ஃபீல்டு ஆபீசர், டீ மேக்கர் (தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிப்பவர்). கொழுந்து பறிப்பவரும் இலை வெட்டும் ரோலர் அருகே நிற்பவரும் தொழிலாளர். அறிவிப்புப் பலகையில் 'ஊழியர் ஈடுபாடு' என்று எழுதினால், அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களே தமக்கில்லை என்று கடந்துபோவார்கள்.

'ஈடுபாடு' பெயராக நிற்கும்வரை சரி. வினையாக்கினால் 'ஈடுபடுத்துதல்' ஆகிவிடுகிறது. 'கவாத்து வேலையில் (தேயிலைச் செடியை வெட்டிவிடுவதில்) 40 பேர் ஈடுபடுத்தப்பட்டனர்' என்று படித்தால் ஆளைக் கொண்டுபோய் நிறுத்தியதாகத்தான் பொருள். வந்து நின்றவர் மனம் வைத்து வேலை செய்கிறாரா என்பதே நம் கேள்வி. அதற்கு நேர்மாறான பொருளைச் சொல் தருகிறது.

'பணிநிறைவு' என்று ஒரு வரைவில் இருந்தது. அது ஓய்வுபெறுவதைக் குறிக்கும் சொல்லாக ஊன்றிவிட்டதால் நீக்கிவிட்டோம். வேறு சொல் தருக.

---

உதகையிலிருந்து:

வணக்கம் அம்மா. நீங்கள் சொன்ன இரண்டாவது இடறல்தான் வேர்ச்சிக்கல். இந்தக் கருத்துக்குத் தன்வினைச் சொல் வேண்டும். ஊக்குவித்தல், ஈடுபடுத்துதல், தூண்டுதல் எல்லாம் ஒருவர் மற்றவருக்குச் செய்வது. என்கேஜ்மென்ட் என்பது தொழிலாளியிடம் தானாக நிகழ்வது. மேலாளரால் அதற்கு வழி திறக்க முடியும், செய்து கொடுக்க முடியாது. ஆங்கிலச் சொல் இந்த வேறுபாட்டை மறைக்கிறது. தமிழின் தன்வினை, பிறவினைப் பிரிப்பு அதைக் காட்டிக்கொடுக்கும், அந்த வசதியை நாம் இழக்கக் கூடாது.

என் பரிசீலனையில் வந்தவை:

'ஊக்கம்' – குறளில் அறுபதாம் அதிகாரமே ஊக்கமுடைமை. ஆனால் இன்று 'ஊக்கத்தொகை' அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. எஸ்டேட்டில் 'ஊக்கம்' என்றதும் 'எவ்வளவு?' என்றுதான் கேட்பார்கள். இதை மோட்டிவேஷனுக்கே விட்டுவிடலாம்.

'வினைக்குரிமை' – குறள் 518இல் வருகிறது. அழகான சொல். ஆனால் அங்கே ஒருவர் அந்த வேலைக்கு உரியவரா என்று ஆராய்வது பற்றிய பேச்சு. ஆள் தேர்வுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

'பணித்தோய்வு' – பொருள் மிக நெருக்கம். ஒரு நெடில் குறிலானால் 'பணித்தொய்வு', முழு எதிர்ப்பொருள். அச்சுப்பிழை தலைகீழாக்கிவிடும் சொல்லைக் கையேட்டில் வைக்கக் கூடாது.

'பணியொன்றல்' – மனம் ஒன்றிச் செய்தல் என்ற வழக்கிலிருந்து வருவது. என் சாய்வு இதன் பக்கம். ஆனால் 'பணியொன்று' என்று பிரியும்போது 'ஒரு வேலை' என்று படிக்கப்படும். 'மனம்' என்பதை விட்டதால் வந்த வினை. 'மனமொன்றல்' என்று வைத்தால் அந்தக் குழப்பம் இல்லை.

---

கோத்தகிரியிலிருந்து:

உதகை ஐயா சொன்ன தன்வினை வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் நடப்பதோடு பொருத்திப் பார்த்தால் அது இன்னும் வலுப்படும்.

இந்தக் கருத்தை நிறுவன உளவியல் துறைக்குள் கொண்டுவந்தவர் ஆய்வாளர் வில்லியம் கான், 1990இல். ஒருவர் தம்மை வேலைக்குள் கொண்டுவர மூன்று நிலைமைகள் வேண்டும் என்றார். செய்யும் வேலைக்குப் பொருள் இருப்பதாக உணர்தல். வாய் திறந்தால் கேடு வராது என்ற நம்பிக்கை. உடலும் மனமும் வேலைக்குக் கைவசம் இருத்தல். மூன்றையும் மலைக்குக் கொண்டுவருகிறேன்.

பொருள்: கூலியின் மேல் எடைக்கு மட்டும் கூடுதல் காசு கொடுத்தால் கை தானாகக் கீழே இறங்கும். ஈரிலை ஒரு மொட்டு என்பது போய் மூன்றாம், நான்காம் இலையும் தண்டும் கூடைக்குள் வரும். நார் கூடும், தூளின் தரம் குறையும், ஏலத்தில் விலை இறங்கும். பறித்தவர்மேல் குற்றமில்லை, காசு எதைக் கேட்டதோ அதைக் கொடுத்தார். ஊக்கம் ஏறியது, மனம் ஒன்றவில்லை. எடையோடு இலைத்தரத்தையும் பார்ப்பது முதல் படி. எடைபோடும் இடத்திலேயே ஒரு பிடி இலையை எடுத்து, நல்ல இலை எவ்வளவு, முற்றல் எவ்வளவு என்று பறித்தவர் கண்முன் பிரித்துக் காட்டுங்கள். தன் இலை என்ன தூளாயிற்று என்று மாதம் ஒருமுறையாவது சுவைத்துப் பார்க்கக் கொடுங்கள். காலம் முழுக்கக் கொழுந்து எடுத்தும், தான் எடுத்த இலையின் நல்ல தேநீரைக் குடிக்காதவர் இருக்கக் கூடாது.

அச்சமின்மை: சி.டி.சி. (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை) ரோலரின் பல் மழுங்கினால் இலை சரியாக வெட்டுப்படாது. அதை முதலில் அறிவது டீ மேக்கர் அல்ல, பக்கத்தில் நிற்பவரின் கை. 'ஷிப்டு நடுவில் மிஷினை நிறுத்தச் சொல்கிறாயா?' என்று ஒருமுறை அதட்டிவிட்டால் அடுத்த முறை அவர் சொல்லமாட்டார். தராசும் அப்படித்தான். மழைநாளில் ஈர இலைக்குத் தண்ணீர்க் கழிவு போடுவது நியாயம்தான். அதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று தெரியாவிட்டால் நியாயமும் திருட்டாகத் தெரியும். எண் காட்டும் முகப்பைப் பறித்தவர் பக்கம் திருப்பி வையுங்கள். கழிவு எவ்வளவு என்பதை எடைபோடும் முன் சொல்லுங்கள். செலவில்லாத இந்த இரண்டும், சுவரில் ஒட்டும் எந்தப் பொன்மொழியையும்விடப் பயன்தரும்.

கைவசம் இருத்தல்: விடியற்காலையில் புதருக்குள் காட்டுமாடு நிற்குமோ, கரடி இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே இறங்குபவரின் மனம் கொழுந்தில் இருக்காது. முந்தின நாள் எந்தப் பக்கம் மாடு நின்றது என்பதைக் காலையில் வருகை பதியும் மஸ்டரிலேயே சொல்லி, அந்தப் பகுதியை வெயில் ஏறியபின் எடுக்க வைக்கலாம். பிள்ளைக் காப்பகமும் இதில் சேரும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலைசெய்யும் தோட்டத்தில் அது வேண்டும் என்றது. கதவு திறந்திருப்பது மட்டும் காப்பகம் ஆகாது. ஆயா வராத நாளில் தாயின் பாதி மனம் அங்கேயே நிற்கும்.

ஆகவே 'மனமொன்றல்' எனக்குப் பிடித்திருக்கிறது. 'மனசு வச்சு வேலை செய்யுது' என்று இங்கே பேசுவதற்கும் அது பக்கத்தில் இருக்கிறது.

---

கூடலூரிலிருந்து:

ஒரு தடை சொல்ல வேண்டும். என்கேஜ்மென்ட்டை அளக்கப் பலரும் பயன்படுத்தும் யூட்ரெக்ட் அளவுகோல் என்ற கேள்வித்தாள் மூன்று கூறுகளை அளக்கிறது: துடிப்பு, அர்ப்பணிப்பு, வேலையில் மூழ்கிப்போதல். 'மனமொன்றல்' என்றால் மூன்றாவது மட்டும்தானே? கூறுக்கும் முழுமைக்கும் ஒரே சொல் விழுந்தால் அளவுகோலையே மொழிபெயர்க்க முடியாது.

அந்த அளவுகோலையும் அப்படியே கொண்டுவர வேண்டாம். 17 வாக்கியம் கொண்டது ஒன்று, 9 வாக்கியம் கொண்ட சுருக்கம் ஒன்று. குறுகியதே போதும். 0 முதல் 6 வரை எண் போடச் சொன்னால் அதைத் தேர்வு மதிப்பெண்ணாக எண்ணி நல்ல எண்ணாகப் போடுவார்கள். 'ஒருநாளும் இல்லை', 'மாதம் ஒருமுறை', 'வாரம் ஒருமுறை', 'தினமும்' என்று தெரிவு கொடுத்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேளுங்கள். ஃபீல்டு ஆபீசர் பக்கத்தில் நிற்கக் கூடாது. பெயரும் மஸ்டர் எண்ணும் கேட்கக் கூடாது. நான்கைந்து பேர் மட்டுமே உள்ள பிரிவின் முடிவைத் தனியாக வெளியிடவும் கூடாது, யார் எழுதியது என்று உடனே தெரிந்துவிடும். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களுக்கு அவரவர் மொழியில் வாய்மொழியாகக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு ஒன்றுமே மாற்றாமல் விடுவதுதான் பெரிய தவறு. அப்படியானால் கேட்காமலே இருக்கலாம். அடுத்த ஆண்டு அத்தனை பேரும் 'தினமும்' என்றே சொல்வார்கள், படிக்க அதில் ஒன்றும் இருக்காது.

---

உதகையிலிருந்து:

தடை சரியானது. மூன்றாம் கூறுக்கு 'ஆழ்தல்' என்று வைப்போம். நேரம் போனது தெரியாத நிலை அது. ஒன்றுதல் அதைவிட அகன்றது. 'அவர்களோடு ஒன்றிவிட்டான்' என்றால் அங்கே பிணைப்பும் பற்றும் உண்டு, மூழ்கிக் கிடப்பது மட்டுமல்ல. கான் அறிவு, உணர்ச்சி, உடல் என்று பிரித்தார். முதல் இரண்டையும் தமிழில் 'மனம்' என்ற ஒரே சொல் தாங்கும். உடலைத் துடிப்பு என்ற கூறு தாங்கட்டும்.

---

குன்னூரிலிருந்து:

'ஆழ்தல்' தீர்த்துவைத்தது. கையேட்டுக்கான வரைவு:

மனமொன்றல் (பெயர்). ஒருவர் தம் வேலையில் துடிப்போடும் அர்ப்பணிப்போடும் ஆழ்ந்தும் தாமாக இருக்கும் நிலை. வினை: மனமொன்று. எதிர்ச்சொல்: மனமொன்றாமை. வேலைக்கு எதிராகவே திரும்பிவிட்ட நிலைக்கு: மனமுறிவு. 'மனமொன்றுவித்தல்' என்ற பிறவினை வடிவம் தவிர்க்கப்பட வேண்டும், மேலாளர் செய்வதை 'மனமொன்ற வழிசெய்தல்' என்று எழுதுக. 'ஊழியர்' என்ற முன்னொட்டு வேண்டாம், தேவைப்பட்டால் 'பணியாளர் மனமொன்றல்'. மோட்டிவேஷனுக்கு 'ஊக்கம்', இன்சென்டிவுக்கு 'ஊக்கத்தொகை'.

'பணியாளர்' என்ற சொல்லைத் தொழிலாளர் தமக்குரியதாக ஏற்கிறார்களா என்பது மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள், அச்சுக்குப் போகும் முன் திருத்திவிடலாம்.