பேஸ் கிட்டாரில் புதுத் தந்தி போட்டதும் ஈ (E) தந்தி மட்டும் செத்துவிட்டது, அவசர உதவி

நள்ளிரவு_பேஸ்:
புது செட் தந்தி போட்டேன். ஏ, டி, ஜி மூன்றும் மணி மாதிரி ஒலிக்கின்றன. தடித்த ஈ மட்டும் பொத்தென்று விழுகிறது. முழக்கமே இல்லை. ட்யூனர் முள்ளும் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேடை. என்ன செய்ய?

அப்புறம் இன்னொன்று. எங்கள் புதுப் பாட்டில் நான் போட்ட பேஸ் வரியின் தாளம் வேறொரு பாட்டிலிருந்து எடுத்தது. சுரங்கள் என்னுடையவை. டிரம்ஸ் வாசிக்கும் நண்பன் திருட்டு என்கிறான். திருட்டா?

கீழ்ஸ்தாயி:
நாலு தந்தியா, அஞ்சா? ரவுண்ட்வவுண்டா (உருண்டைக் கம்பி சுற்றியது), ஃப்ளாட்வவுண்டா (தட்டைக் கம்பி சுற்றியது)? பழைய செட்டின் தடிமன் என்ன, புதுசு என்ன? திறந்து வாசித்தால் மட்டுமா, ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) அழுத்தினாலுமா? ஆம்ப் இல்லாமலும் இப்படித்தானா? இதெல்லாம் சொல்லாமல் யாராலும் உதவ முடியாது.

நெக்_நேராக:
நெக்தான் (பேஸின் கழுத்துப் பகுதி), சந்தேகமே வேண்டாம். தந்தி மாறினால் இழுவிசை மாறும், நெக்கின் வளைவும் மாறும். முதல் ஃப்ரெட்டில் காப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, ஏழெட்டாம் ஃப்ரெட் பக்கம் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 0.3 மி.மீ. பக்கம் இருந்தால் நல்லது. இடைவெளியே இல்லையென்றால் நெக்குக்குள் இருக்கும் எஃகுத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தி, மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள். ஒரேயடியாகத் திருக வேண்டாம்.

பழைய_கை:
இது இங்கே எத்தனையோ தடவை பேசியாகிவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். ரவுண்ட்வவுண்ட் வாங்குகிறவர்கள் எல்லோரும் கடைசியில் இப்படித்தான் வந்து நிற்கிறார்கள். ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷன் பேஸில் ஃப்ளாட்வவுண்ட் போட்டு, அதை மாற்றிக்கொண்டே இருக்காமல், வலது கையின் ஒரே விரலால் மோட்டவுன் இசை நிறுவனத்தின் பாடல்கள் எத்தனையோ வாசித்தார். தந்தி பழசாகப் பழசாகத்தான் பேஸ் பேஸாகும். ஃப்ளாட்வவுண்டுக்கு மாறுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

கீழ்ஸ்தாயி:
அவர் கேட்டது ஈ ஏன் மந்தமானது என்று. எந்தத் தந்தி உயர்ந்தது என்று இல்லை. ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட் இல்லாத பேஸிலேயே ரவுண்ட்வவுண்ட் வாசித்தவர். அவர் பேஸ் பேஸாக இல்லையா? தவிர, ஃப்ளாட்வவுண்டுக்கு இழுவிசை பெரும்பாலும் கூடுதல். மேடைக்கு முன் அதைப் போட்டால் நெக்கையும் சேர்த்துத் திருத்த வேண்டி வரும்.

நள்ளிரவு_பேஸ்:
நாலு தந்தி. நிக்கல் ரவுண்ட்வவுண்ட், 45–105. பழையதும் அதே தடிமன். எங்கே அழுத்தினாலும் மந்தம். ஆம்ப் இல்லாமலும் அப்படித்தான்.

காந்தப்_புலம்:
பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) தந்திக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் காந்தம் தந்தியை இழுக்கும். ஆம்ப் இல்லாமல் வாசித்தாலும் அந்த இழுப்பு போகாது. தடித்த தந்தியில், அதுவும் மேல் ஃப்ரெட்டுகளில், முள் ஆட இது ஒரு முக்கியக் காரணம். ஈ பக்கத்துத் திருகைத் தளர்த்தி பிக்கப்பை இறக்கிப் பாருங்கள். இன்னொன்று, திறந்த ஈ 41 ஹெர்ட்ஸ். சில ட்யூனர்கள் அந்த ஆழத்தில் தடுமாறும். 12-ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கை (அழுத்தாமல் தொட்டு மட்டும் எழுப்பும் மேலோசை) வைத்துச் சுருதி பாருங்கள்.

சுருள்_கம்பி:
தடிமன் மாறவில்லை, மற்ற மூன்றும் சரி, ஈயில் எல்லா இடத்திலும் மந்தம். நெக்கோ பிக்கப்போ காரணமாக இருந்தால் பழைய ஈயிலும் தெரிந்திருக்கும். கோளாறு தந்தியிலேயேதான். பெக்கில் (சுருதி சேர்க்கும் முறுக்காணி) சுற்றுவதற்கு முன், நுனி நேராக இருக்கும்போதே வெட்டினீர்களா?

பேஸ் தந்தி என்பது நடுவில் ஓர் எஃகுக் கம்பி, அதன்மேல் சுற்றிய இன்னொரு கம்பி. சுற்று நடுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தால்தான் இரண்டும் ஒன்றாக அதிரும். மடக்காமல் வெட்டினால் சுற்று நழுவித் தளரலாம். நடுக் கம்பி அறுகோணமாக இருந்தால் விளிம்புகள் ஓரளவு பிடித்துக்கொள்ளும். உருண்டையாக இருந்தால் எளிதில் நழுவும். தளர்ந்த சுற்று அதிர்வைத் தின்றுவிடும், மேலோசைகளும் அடிச்சுரத்தோடு ஒட்டாமல் விலகும். முள் ஆடுவது அதனால்தான். வெட்டும் இடத்துக்குச் சற்று முன்பே தொண்ணூறு பாகை மடக்கி, மடிப்பைத் தாண்டித்தான் வெட்ட வேண்டும்.

வெட்டவில்லை என்றால், போடும்போது தந்தி முறுக்கிக்கொண்டிருக்கலாம். தளர்த்தி, பெக்கிலிருந்து எடுத்து, நுனியைச் சும்மா விடுங்கள். தானாகச் சுழன்றால் முறுக்கு இருந்தது என்று அர்த்தம். அது அடங்கியபின் திரும்பப் போட்டு, தந்தியை இரு முனையிலும் தாங்கும் நட்டை ஒட்டியும் சாடிலை ஒட்டியும் தந்தியை விரலால் மெல்ல அழுத்தி உட்கார வையுங்கள்.

பழைய_கை:
இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. திருட்டுதான். பேஸில் தாளம்தான் பாதி உயிர். அதை எடுத்தபின் சுரம் என்னுடையது என்பதில் என்ன இருக்கிறது? 1981-இல் குயின் குழுவும் டேவிட் போவியும் சேர்ந்து வெளியிட்ட பாட்டின் பேஸ் வரியை 1990-இல் ராப் பாடகர் வனிலா ஐஸ் எடுத்தார். கடைசியில் தன் பாட்டை ஆக்கியவர்களாக அவர்கள் பெயரையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

ஓரடி_தள்ளி:
அங்கே போனது தாளமும் சுரமும் சேர்ந்த முழு வரி, முதல் பாரிலேயே யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே நிலைமை வேறு. மூலசுரத்திலிருந்து ஐந்தாம் சுரம், அங்கிருந்து எட்டாம் சுரம் போவது யாருடையது? அடுத்த கார்டின் மூலசுரத்துக்கு அரைச்சுரம் கீழிருந்து ஏறுவது யாருடையது? 12 பார் ப்ளூஸ் என்ற பாட்டு வடிவம்? எல்லோரும் எல்லோரிடமிருந்தும் எடுத்துத்தான் இந்தக் கருவி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

பழைய_கை:
பொதுச்சொத்தையும் ஒருவர் உழைத்துக் கண்டுபிடித்த அசைவையும் ஒன்றாக்க வேண்டாம். ஜேமர்சனின் தாளம் தள்ளி விழும் அடிகளை நான் எத்தனையோ வருடம் கேட்டுப் படித்தேன். அவற்றை என்னுடையவை என்று மேடையில் ஒருநாளும் வாசித்ததில்லை.

ஓரடி_தள்ளி:
படித்தது உங்கள் கைக்குள் எங்காவது இருக்கத்தானே செய்யும்? கேள்வி கேட்டவருக்குப் பயன்படும்படி ஒன்று சொல்கிறேன். சுரமே இல்லாமல் அந்தத் தாளத்தை மேசையில் தட்டிக் காட்டுங்கள். கேட்பவர் பழைய பாட்டின் பெயரைச் சொன்னால் இன்னும் மாற்ற வேண்டும். முதல் அடியைக் காலியாக விடுங்கள், அல்லது முழு வரியையும் அரை அடி தள்ளுங்கள். சுரத்தை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதையும் மாற்றுங்கள். பேஸில் மௌனத்தின் நீளமும் தாளம்தான். இதைச் செய்தாலே பாதிக்கு மேல் உங்கள் கை பேச ஆரம்பிக்கும்.

நெக்_நேராக:
நெக்கை அளந்தீர்களா?

நள்ளிரவு_பேஸ்:
பிக்கப் இறக்கியும் மாறவில்லை. ஆமாம், நேராக வெட்டிவிட்டுத்தான் சுற்றினேன். ஈ மட்டும் தனியாக வாங்கி, மடக்கி வெட்டிப் போட்டேன். முழங்குகிறது, முள்ளும் நிற்கிறது. சுருள்_கம்பிக்கு நன்றி. ஒத்திகைக்கு ஓடுகிறேன்.

தூங்காத_ஜி:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் ஜி தந்தியில், அஞ்சு ஆறாம் ஃப்ரெட் பக்கம் மட்டும் ஒலி சட்டென்று அடங்குகிறது. புதுத் தந்தி போட்டும் போகவில்லை. நானும் மடக்கி வெட்ட வேண்டுமா?

சுருள்_கம்பி:
இல்லை, அது வேறு. நெக் தானாக அதிரும் அதிர்வெண்ணும் அந்தச் சுரமும் பொருந்திப்போனால், தந்தியின் சக்தியை நெக் வாங்கிக்கொள்ளும். டெட் ஸ்பாட் என்பார்கள். போல்ட் போட்ட நெக் உள்ள பேஸ்களில் அந்த இடத்தில் அடிக்கடி வரும். தந்தி மாற்றினால் தீராது. ஹெட்ஸ்டாக்கில் (பெக்குகள் இருக்கும் நுனி) ஒரு சின்ன எடையைக் கவ்வ வைத்துப் பாருங்கள், மந்தமான இடம் நகரும். பேஸ் என்ன மாடல், என்ன தந்தி என்று எழுதித் தனி இழை தொடங்குங்கள்.